மாணவர் வெளிநாட்டுப் பயணத்தின் கடைசி இரவில் என்ன செய்வது?

கேள்வி: பொறுப்பாசிரியர்

வணக்கம். பதினாறு, பதினேழு வயது மாணவர்கள் அடங்கிய ஒரு குழுவை இரண்டு வாரக் கல்விப் பயணமாக வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்திருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்கள், தங்குமிடம், கடவுச்சீட்டு, காப்பீடு, மருந்துப் பை என எல்லாமே ஒருவாறு முடிவாகிவிட்டன. கடைசி இரவு மட்டும் பிடிபடாமல் நிற்கிறது. நிகழ்ச்சி நிரலில் அந்த இரவுக்கு நேராக 'மீள்நோக்கு' என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் எதை வைப்பது என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு முந்தைய பயணத்தில் நான் துணை ஆசிரியராக உடன் சென்றிருந்தேன். கடைசி இரவு, விடுதிக் கூடத்தில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். 'இந்தப் பயணத்தில் நீங்கள் கற்றுக்கொண்டது என்ன?' என்று பொறுப்பாளர் கேட்டார். முதலில் பேசிய மாணவி, மொழி வேறாக இருந்தாலும் மனிதர்கள் எங்கும் ஒரே மாதிரிதான் என்று சொன்னாள். அடுத்தடுத்துப் பேசியவர்களும் அதையே சிறிது மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பொய் என்று எதையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு வாரமும் அந்தக் கூடத்துக்குள் வரவில்லை என்றே எனக்குப் பட்டது. அதே இரவு மாடிப்படியில் ஒரு மாணவன் தன் நண்பனிடம் பேசிக்கொண்டிருந்தான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த முதியவர், இவன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருப்பதைக் கவனித்து, ஒரு வார்த்தையும் பேசாமல் கையை நீட்டி அதை நேராகத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடி தன் செய்தித்தாளுக்குள் போய்விட்டாராம். அவருடைய விரல்கள் எப்படி நடுங்கின என்பது வரை அவன் விவரித்தான். கூடத்தில் அவன் பேசியது 'நிறையக் கற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வாக்கியம்தான்.

மாடிப்படியில் வந்த பேச்சு கூடத்திலும் வர வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்? அல்லது அப்படி ஒரு கூட்டமே தேவையில்லையா? வாயே திறக்காத பிள்ளைகளையும், பேசத் தொடங்கியதும் அழுதுவிடும் பிள்ளைகளையும் எப்படி நடத்துவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: உளவியல் விரிவுரையாளர்

கூட்டம் தேவையா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன், ஏனென்றால் கடைசி இரவின் முக்கியத்துவத்தைப் பற்றிப் பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. 1993இல் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட சோதனை ஒன்றிலிருந்து அது பெரிதும் வலுப்பெற்றது. அதில் பங்கேற்றவர்கள் ஒரு முறை 14 பாகை செல்சியஸ் குளிர்நீரில் 60 நொடி கையை வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 நொடியோடு மேலும் 30 நொடி வைத்திருந்தார்கள், ஆனால் அந்தக் கூடுதல் நேரத்தில் நீர் மெல்ல 15 பாகை வரை சூடாக்கப்பட்டது. இரண்டில் எதை மறுபடி செய்வீர்கள் என்று கேட்டபோது, மொத்த வேதனை கூடுதலாக இருந்தும், பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தெடுத்தார்கள். ஓர் அனுபவத்தின் உச்சக்கட்டமும் முடிவும் நினைவில் ஓங்கி நிற்கின்றன, அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பது பின்னுக்குப் போய்விடுகிறது என்று அதற்கு விளக்கம் தரப்பட்டது. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், கடைசி இரவைக் கொண்டாட்டமாக்கிவிட்டால் பயணம் முழுவதும் இனிதாக நினைவில் நிற்கும் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம்.

நான் அந்த முடிவுக்கு வரமாட்டேன். ஒன்றரை நிமிடத்துக்குப் பொருந்துவது இரண்டு வாரத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதில்லை. நியூசிலாந்தில் சைமன் கெம்ப்பும் சக ஆய்வாளர்களும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைப் பயணம் சென்ற மாணவர்கள் அன்றாடம் தங்கள் மகிழ்ச்சியை மதிப்பிட்டு அனுப்பினார்கள். திரும்பிய பிறகு முழுப் பயணத்தையும் நினைவிலிருந்து மதிப்பிட்டார்கள். அங்கே உச்சமும் முடிவும் அவ்வளவு நல்ல அளவுகோலாக அமையவில்லை. மிக அதிகமாக நினைவில் நின்ற, அல்லது வழக்கத்துக்கு மாறாக இருந்த ஏதோ ஒரு நாள்தான் மொத்த மதிப்பீட்டோடு நெருங்கி வந்தது. ஆகவே ஒவ்வொரு மாணவருக்கும் அப்படிப்பட்ட ஒரு நாள் ஏற்கெனவே இருக்கிறது, அநேகமாகக் கடைசி நாளுக்கு வெகு முன்னாலேயே இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு தொடங்குங்கள். கடைசி இரவின் வேலை அந்த நாளைத் தேடி எடுக்க உதவுவது. அதற்கு ஒரு கூட்டம் கட்டாயம் பயன்படும்.

இனி, கூடத்தில் எல்லாரும் ஒன்றையே சொன்னது பற்றி. 1950களில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கோட்டின் நீளத்தைச் சொல்வது போன்ற கண்முன் தெரியும் விஷயத்தில்கூட, முன்னால் பேசியவர்கள் அனைவரும் தவறாகச் சொன்னால், பின்னால் பேசுபவர் பல சமயம் அதற்கு இணங்கிவிடுகிறார். கோட்டுக்கே அப்படி என்றால், தன் மனத்துக்குள் என்ன நடந்தது என்ற கேள்விக்கு ஒரு பதினாறு வயதுப் பிள்ளை முதல் குரலைப் பின்தொடர்வதில் வியப்பில்லை. ஆஷின் சோதனையிலேயே பதிலைத் தனியாக எழுதிக் கொடுக்க விட்டபோது அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. அதனால் பேசுவதற்கு முன் எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிடம், ஒரு தாள், பேச்சுச் சத்தமில்லாத அறை, அவ்வளவு போதும்.

எழுதுவதற்கு இன்னொரு பயனும் உண்டு. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் காட்டியபடி, ஒரு பாடப்பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, அதை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நிலைமை நேர்மாறாக இருந்தது என்பதையும் கவனியுங்கள். நினைவிலிருந்து வருந்தி எடுப்பதன் பலன் உடனே தெரிவதில்லை, நாள் போகப்போகத்தான் தெரியும். ஆகவே அன்றிரவு மாணவர்கள் தடுமாறினால் கூட்டம் சரியாகப் போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

---

பதில் 2: பல ஆண்டுகளாகப் பயணக் குழுக்களுடன் செல்பவர்

மேலே விரிவுரையாளர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். நடைமுறையிலிருந்து ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கூட்டத்தைக் கடைசி இரவில் வைக்காதீர்கள், அதற்கு முந்தைய இரவில் வையுங்கள்.

கடைசி இரவு எப்படி இருக்கும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நடைபாதை முழுவதும் பெட்டிகள் வாயைத் திறந்து கிடக்கும். ஒருத்தி பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருப்பாள், இன்னொருத்தி அதன் ஜிப்பை இழுத்துக்கொண்டிருப்பாள். காயாத காலுறைகளை எந்தப் பையில் சுற்றி வைப்பது என்று ஒருவன் கேட்பான். மின்னேற்றி சுவரிலேயே தொங்கும். யாரோ ஒருவருடைய கடவுச்சீட்டு பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்திருக்கும். அதிகாலை விமானம் என்றால் எல்லாருடைய மனமும் ஏற்கெனவே விமான நிலையத்தில் நிற்கும். இந்த நிலையில் பிள்ளைகளைக் கூடத்துக்கு இழுத்து வந்து ஆழமாகச் சிந்தியுங்கள் என்றால், சீக்கிரம் முடியக்கூடிய பதிலைத்தான் சொல்வார்கள். முந்தைய இரவில் கூடினால் இன்னொரு நன்மை உண்டு. இந்தத் தெருவை இன்னொரு முறை பார்க்க வேண்டும், அந்த வீட்டாருக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன் என்று யாருக்காவது தோன்றினால், அதைச் செய்ய ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். மீள்நோக்கின் பலனை அங்கேயே பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பை மாணவர்களுக்குக் கொடுப்பதைவிட நல்ல காரியம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வியைப் பற்றி. 'என்ன கற்றாய்' என்பது முடிவுரையைக் கேட்கும் கேள்வி. உங்கள் மாடிப்படி மாணவன் பேசியது ஒரு காட்சியை. காட்சியைக் கேட்டால் காட்சி வரும். நான் செய்வது இதுதான். சட்டைப் பையிலும் கைப்பையிலும் கிடப்பவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைக்கச் சொல்வேன். கசங்கிய ரயில் சீட்டு, அருங்காட்சியக அனுமதிச் சீட்டு, யாரோ வழி எழுதிக் கொடுத்த துண்டுக் காகிதம், ஒரு சிறு கல் என்று எது வேண்டுமானாலும் வரலாம். பிறகு மூன்று கேள்விகள் கேட்பேன்: இது உன் கைக்கு வந்தபோது எங்கே நின்றுகொண்டிருந்தாய், பக்கத்தில் யார் இருந்தார்கள், உன் காதில் என்ன விழுந்தது? ஒருமுறை ஒரு மாணவி துணி துவைக்கும் இயந்திரத்தில் வெளுத்துப்போன பேருந்துச் சீட்டை வைத்தாள். அதில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. ஆனால் எந்த நிறுத்தத்தில் தவறி இறங்கினாள், அங்கே கடையைச் சாத்திக்கொண்டிருந்த பெண் எப்படித் தன் வேலையை விட்டுவிட்டு அடுத்த பேருந்து வரும்வரை உடன் நின்றாள் என்பதை அவள் சொல்லி முடித்தபோது, அந்தக் கூடத்தில் ஒருவரும் கைப்பேசியைத் தொடவில்லை.

பேசாத பிள்ளைகளைப் பொறுத்தவரை, நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று முதலில் பார்க்க வேண்டும். மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று நொடியாவது நீட்டியபோது மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். கடைசி இரவில் மூன்று நொடிகூடப் போதாது என்பது என் எண்ணம். மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். அப்படியும் பேச விரும்பாதவர் பொருளை மட்டும் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

யாராவது அழுதால் கூட்டத்தை நிறுத்த வேண்டாம், காரணத்தையும் எல்லார் முன்னிலையில் கேட்க வேண்டாம். உடன் வரும் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும். பிரிவு, களைப்பு, வீட்டு நினைவு எல்லாம் ஒன்றாகச் சேரும் நேரம் அது. பெரும்பாலும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆனால் அந்தப் பிள்ளை தூங்கப் போவதற்கு முன் தனியாக ஒருமுறை பேசிவிடுங்கள், ஏனென்றால் சில சமயம் பயணத்தின் நடுவில் நடந்த, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அப்போதுதான் வெளியே வரும்.

---

பதில் 3: முன்னாள் மாணவி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் வட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பள்ளியிலிருந்து நான் சென்ற ஒரு பயணத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட அறையில் இருந்த மற்ற இருவரும் முன்பே நெருங்கிய தோழிகள். அவர்கள் என்னைத் துன்புறுத்தவில்லை, வெறுக்கவும் இல்லை. நான் அவர்களுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். பேருந்தில் சன்னலோரமாகத் தனியாக உட்கார்ந்தே பெரும்பாலான ஊர்களைப் பார்த்தேன். கடைசி இரவில் 'உங்களுடைய மிகச் சிறந்த தருணத்தைப் பகிர்ந்துகொள்ளுங்கள்' என்றார்கள். என் முறை வருவதற்குள் ஒரு சிறந்த தருணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற பதற்றத்தில், மற்றவர்கள் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. ஒரு மலைக்காட்சியைச் சொல்லிச் சமாளித்தேன். மகிழ்ச்சியை மட்டுமே கேட்கும் கேள்வி, பயணம் சரியாக அமையாத பிள்ளையை அந்தக் கடைசி நேரத்திலும் வெளியே நிறுத்திவிடுகிறது. கேட்கும் விதத்தில் தனிமைக்கும் சலிப்புக்கும் பயத்துக்கும் ஓர் இடம் இருக்கட்டும். மேலே சொன்ன பொருள் வைக்கும் முறை எனக்குப் பிடித்திருப்பதற்கு அதுவே காரணம். ரயில் சீட்டைப் பற்றி நல்லதும் சொல்லலாம், கெட்டதும் சொல்லலாம்.

எழுதுவதைப் பற்றி விரிவுரையாளர் சொன்னது சரிதான், ஆனால் தாளைக் கையில் கொடுத்தவுடன் எங்கள் வயதில் அது தேர்வு ஆகிவிடும். முதல் வரியில் பெயரும் வகுப்பும் எழுதத் தொடங்குவோம். இதை யாரும் படிக்கப் போவதில்லை, மதிப்பெண் கிடையாது, எழுத்துப்பிழையைத் திருத்தமாட்டோம், வேண்டுமானால் படமாக வரையலாம் என்று முதலிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஆசிரியரும் எங்களோடு உட்கார்ந்து தன் தாளில் எழுதினால் அந்தப் பயம் பாதி குறைந்துவிடும்.

இன்னொன்று, படங்கள். நான் இப்போது ஓர் அருங்காட்சியகத்தில் பள்ளிக் குழுக்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி யோசிக்கிறேன். லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருள்களைவிட, படம் எடுத்த பொருள்களைப் பார்வையாளர்கள் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. கவனித்து எடுப்பதற்கும் கடமைக்கு எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. கடைசி இரவுகளில் பெரும்பாலும் எல்லாருடைய படங்களையும் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள். படங்கள் முதலில் வந்துவிட்டால், படத்தில் இல்லாத எதுவும் பிறகு யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வரைபடத்தைத் திருப்பி வைத்த அந்த முதியவரை யாரும் படம் எடுத்திருக்கமாட்டார்கள் அல்லவா? கைப்பேசிகளை ஓரமாக வைத்துவிட்டு முதலில் எழுதட்டும், பேசட்டும். படக்காட்சி அதற்குப் பிறகு வரட்டும்.

---

பொறுப்பாசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தை முந்தைய இரவுக்கு மாற்றிவிட்டேன். கைப்பேசி இல்லாமல் பத்து நிமிடம் எழுதுவது, பிறகு பொருளை வைத்துப் பேசுவது, கடைசியாகப் படங்கள் என்று வரிசை அமைத்திருக்கிறேன். முன்னாள் மாணவி எழுதியதைப் படித்த பிறகு அறை ஒதுக்கீட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஏற்கெனவே நெருங்கிப் பழகும் இருவரோடு மூன்றாவதாக ஒருவரைச் சேர்ப்பதை இயன்றவரை தவிர்க்கப் போகிறேன்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரும்பியவுடன் நிர்வாகத்துக்கு மாணவர்களின் கற்றல் விளைவுகள் குறித்து அறிக்கை தர வேண்டும். பெற்றோரும் விமான நிலையத்திலேயே 'என்ன கற்றாய்' என்று கேட்பார்கள். தாள்களை யாரும் படிக்கப் போவதில்லை என்று வாக்குக் கொடுத்துவிட்டால், அறிக்கையை எதை வைத்து எழுதுவது?

---

பதில் 4: மாணவர் ஆலோசகர்

அறிக்கையைத் திரும்பியவுடன் எழுதாமல் சில வாரம் தள்ளி எழுத அனுமதி வாங்குங்கள். தயங்காமல் கேளுங்கள், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

வெளிநாடு சென்ற மாணவர்களின் மனநிலை காலத்தோடு எப்படி மாறுகிறது என்று நெடுங்காலமாக ஆராய்ந்துவருகிறார்கள். 1955இல் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், ஃபுல்பிரைட் என்ற அமெரிக்கக் கல்வி உதவித்தொகையோடு அமெரிக்காவில் தங்கித் திரும்பிய நார்வேக்காரர்கள் 200 பேரிடம் பேசி, உற்சாகம், சரிவு, மீட்சி என்று ஒரு வளைவை விவரித்தார். 1963இல் ஜான் கல்லஹார்ன், ஜீன் கல்லஹார்ன் தம்பதியர், திரும்பி வந்த பிறகு அதே வளைவு இன்னொரு முறை நிகழ்கிறது என்றார்கள். எல்லாரும் இந்த வழியில் செல்வதில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. மேலும் இவை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்கியவர்களைப் பற்றியவை. இரண்டு வாரப் பயணத்துக்கு அந்த வளைவை வரைந்து காட்டத் தேவையில்லை. ஆனால் திரும்பி வருவதும் பயணத்தின் ஒரு பகுதி என்ற கருத்து உங்கள் மாணவர்களுக்கும் பொருந்தும். பழகிய தெருவையும் பழகிய வகுப்பறையையும் புதுக் கண்ணோடு பார்க்கும் சில நாள்கள் வரும். பயணம் தனக்குள் எதையாவது மாற்றியதா என்பதை ஒரு பிள்ளை அந்த நாள்களில்தான் அறிய முடியும். விடுதிக் கூடத்தில் அதற்கான சான்று இன்னும் பிறக்கவே இல்லை.

டெர்ரி போர்ட்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1970இல் மூன்று கேள்விகளை முன்வைத்தார்: என்ன, அதனால் என்ன, இனி என்ன? செவிலியர் பயிற்சி உட்படப் பல துறைகளில் இவை இன்றும் வழக்கத்தில் உள்ளன. கடைசி இரவுக் கூட்டங்கள் சலித்துப்போவதற்குக் காரணம் மூன்றையும் ஒரே மணிநேரத்தில் கேட்டுவிடுவதுதான் என்பது என் கணிப்பு. அங்கே 'என்ன' என்பதை மட்டும் கேளுங்கள். நடந்தது, பார்த்தது, கேட்டது எல்லாம் பசுமையாக இருக்கும்போது எழுத்தில் சேரட்டும். மற்ற இரண்டும் மூன்று, நான்கு வாரம் கழித்து வரட்டும்.

தாள்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். எழுதி முடித்ததும் ஒவ்வொருவரும் தன் தாளைத் தானே உறையிலிட்டு ஒட்டி, மேலே பெயர் எழுதி உங்களிடம் தரட்டும். நீங்கள் பிரிக்காமல் வைத்திருந்து, பிந்தைய சந்திப்பில் அவரவரிடமே திருப்பிக் கொடுங்கள். அவர்கள் தனியாகப் படித்துப் பார்த்துவிட்டு, அன்று எழுதியதையும் இன்று தோன்றுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தாங்கள் விரும்பிய அளவுக்குப் பேசட்டும். அறிக்கையை அந்தப் பேச்சிலிருந்து, அவர்களுடைய ஒப்புதலோடு எழுதுங்கள். தாள் அவர்களிடமே தங்கிவிடும், உங்கள் வாக்கும் நிற்கும்.

பெற்றோருக்குப் பயணத்துக்கு முன்பே ஒரு கடிதம் அனுப்பிவிடலாம். 'என்ன கற்றாய்' என்பதற்குப் பதிலாக, 'உன்னுடன் யார் யார் பேசினார்கள்', 'எங்கே வழி தவறினாய்' என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் நாள் பதில் வராவிட்டால் வற்புறுத்தாமல் விட்டுவிடும்படியும் அதில் எழுதுங்கள். தூக்கம் கலைந்து, நேர மாற்றத்தால் தடுமாறும் பிள்ளை இரண்டு நாள் கழித்துத் தானாகவே பேசத் தொடங்கும்.

பிந்தைய சந்திப்பின் தேதியையும் இடத்தையும் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்து, உறையின் மேலேயே அச்சிட்டுக் கொண்டுபோங்கள். திரும்பிய பிறகு எல்லாருக்கும் பொருந்தும் ஒரு நாளைத் தேடத் தொடங்கினால் தேர்வுகள் குறுக்கே வந்துவிடும். சந்திப்பு தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, உறைகள் அலமாரியில் அப்படியே தங்கிவிடும்.